டவுன்ஸை யார் காப்பாற்றுவது?

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' விளையாடியவர்களிடம் ஆர்தர் மார்கன் என்று சொன்னாலே முகம் வாடிவிடும். ராக்ஸ்டார் நிறுவனம் 2018 அக்டோபரில் வெளியிட்ட அந்த வீடியோ கேமின் நாயகன் அவன். 1899-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கொள்ளைக் கும்பலோடு திரிகிறவன். பாதிக்கு மேல் கதை நகர்ந்த பிறகு காசநோய் என்று தெரிகிறது, கடைசியில் இறந்துபோகிறான். அவனைச் சாகவிட மனம் வராமல் ரசிகர்கள் படுகிற பாடு கொஞ்சமல்ல. நோய் தொற்றும் கட்டத்துக்கே போகாமல் இரண்டாம் அத்தியாயத்திலேயே வேட்டையாடிக்கொண்டும் மீன் பிடித்துக்கொண்டும் காலம் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பாசத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், அவனுக்கு நோய் எப்படி வந்தது? கும்பலில் ஸ்ட்ராஸ் என்பவன் வட்டிக்கு விடுகிறான், ஆர்தர் வசூலுக்குப் போகிறான். தாமஸ் டவுன்ஸ் சின்னப் பண்ணை வைத்திருக்கும் சீக்காளி. கொடுக்கப் பணமில்லை. அவனைப் பிடித்து அடிக்கும்போது இருமல் வருகிறது. ரத்தம் கலந்த எச்சில் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. டவுன்ஸ் செத்த பிறகும் மிச்சக் கடனுக்காக அவன் மனைவி எடித்திடம் மறுபடி போய் நிற்கிறான் ஆர்தர்.

ஆரணிப் பட்டு நெய்யும் வெம்பாக்கம் பக்கத்து ஆளுக்கு இந்தக் காட்சியில் டவுன்ஸைத்தான் முதலில் அடையாளம் தெரியும். முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி, அது அடையும்வரை அவருக்கே நெய்தாக வேண்டும். தறிக்குழியில் உட்காருகிறவர் இரண்டு வாரம் படுத்துவிட்டால் சேலை இறங்காது, கூலி வராது, கடன் மட்டும் ஏறும்.

ஆர்தரை நோயிலிருந்து விடுவித்தால் அதற்கான விலையைக் கொடுப்பது டவுன்ஸின் குடும்பம். சாவு உறுதியான பிறகுதான் அவன் எடித்தையும் மகன் ஆர்ச்சியையும் தேடிப் போய்ப் பணம் கொடுத்து, வேறு இடம் போய்ப் பிழைக்கச் சொல்கிறான். ஸ்ட்ராஸைக் கூடாரத்தைவிட்டே விரட்டுகிறான். நோயை நீக்கிவிட்டால் அவன் நன்றாக இருப்பான். அடிபட்டவன் வீடு அடிபட்டபடியே கிடக்கும். ஆர்தருக்காக அழுகிற குரல்களில் டவுன்ஸின் பெயர் அபூர்வமாகத்தான் கேட்கிறது. எனக்கு வலிப்பது அதுதான்.

1899-இல் இருவருக்குமே மருந்து கிடையாது. கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1943-இல். இடைப்பட்ட காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும்தான் வைத்தியம். டாக்டர் சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியமும் அந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். வேலையை விட்டுவிட்டுப் படுக்க முடிந்தவனுக்கே அந்த வைத்தியம்.

அதை உடைத்தது சென்னை. 1956-இல் இங்கே காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு நெரிசலான அவர்கள் வீடுகளிலேயும் அதே மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. 1959-இல் வெளியான முடிவில், வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். அதனால் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. டவுன்ஸ்களைப் பற்றி மருத்துவம் உருப்படியாக யோசித்த தருணம் என்று இதைத்தான் சொல்வேன்.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். அப்படியும் ஆட்கள் இறக்கிறார்கள், பெரும்பாலும் சிகிச்சையின் ஆரம்ப வாரங்களில். அதைத் தடுக்கத்தான் 2022-இல் தமிழக அரசு 'காசநோய் இறப்பில்லா திட்டம்' கொண்டுவந்தது. நோய் உறுதியானதும் உயரம், எடை பார்க்கிறார்கள். விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிறார்கள். கால் வீங்கியிருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கவனிக்கிறார்கள். முடியாதவரை உடனே வார்டில் சேர்க்க வேண்டும்.

சாப்பாட்டுக்கென்று மத்திய அரசு கொடுத்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. தறி நின்றுபோன வீட்டுக்கு அது போதாது. முன்பணத் தவணையை அந்த ஆறு மாதமும் நிறுத்திவைக்க முதலாளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் முன்வர வேண்டும். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் மற்றவர்களுக்கும் பரிசோதனையும் தடுப்பு மாத்திரையும் உண்டு; அதை யாரும் கேட்டு வாங்கலாம்.