உறை மாறியது, சரக்கு அதே

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் நெட்டுக்குப்பம் முகத்துவாரத்தைப் போல உப்பும் நன்னீரும் கலந்த இடங்கள்தாம் காலராக் கிருமிக்கு இயற்கையான இருப்பிடம். அதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை கொள்ளைநோய் உண்டாக்குவதில்லை. கொடிய வகையிடம் நச்சு தயாரிக்கும் மரபணு இருக்கிறது. அந்த நச்சுதான் உடம்பின் நீரையெல்லாம் குடலுக்குள் கொட்ட வைக்கிறது. இதை 1959இல் கல்கத்தாவில் முயல்களை வைத்துக் காட்டியவர் சம்புநாத் டே. அம்மரபணுவைக் கிருமிக்குள் கொண்டு சேர்ப்பது ஒரு வைரஸ் என்பது 1996இல்தான் தெரிந்தது.

அதுவரை கொள்ளைநோய் பரப்பியது 'ஓ 1' என்ற வகை மட்டுமே. 1992 அக்டோபரில் நம் சென்னையில் 'ஓ 139' என்ற புது வகை தலைகாட்டியது. பிறகு கல்கத்தா, வங்கதேசம் என்று பரவியது. நச்சு மரபணு பழையதுதான். மேலுறை மட்டும் வேறு. வியாபாரிகளுக்கு இது சட்டென்று புரியும். பழைய காலராவால் எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களின் உடம்புக்குப் புது உறை அடையாளம் தெரியவில்லை. அவர்களே அதிகம் படுத்தார்கள்.

உறை எதுவானாலும் முதலுதவி நம் கடையிலேயே இருக்கிறது. காய்ச்சி ஆறிய நீர் 1 லிட்டர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பேதி என்று வருபவரிடம் கலர் பாட்டிலை நீட்டாதீர்கள். லாபம் நமக்கு, கேடு அவருக்கு. அரிசி கழுவிய நீர்போலப் போனால், இதைக் குடிக்கக் கொடுத்தபடியே உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.