பிரீமியம் கட்டினால் வரி குறையுமா? மூத்த தம்பதியர் பார்க்க வேண்டிய கணக்கு

மார்ச் மாதம் பிறந்ததும் வயதானவர்களைத் தேடி வரும் இன்சூரன்ஸ் முகவர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஐயா, பாலிசி எடுத்தா வரியும் மிச்சம்." பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டூர் வட்டாரத்தில் இந்தப் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடுவதற்கு முன், வீட்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டே ஆக வேண்டும். நமக்கு வரி என்று ஒன்று இருக்கிறதா?

நெல் விளைச்சலில் வரும் பணம் விவசாய வருமானம். அதற்கு வருமான வரி கிடையாது. ஏரியிலும் கடலிலும் பிடிக்கும் மீன், இறால், நண்டுக்கு அந்த விலக்கு இல்லை. சட்டம் அதைத் தொழில் வருமானமாகவே பார்க்கிறது. ஆனாலும் வலையை நம்பி வாழும் பெரும்பாலான குடும்பங்களின் வருமானம் வரி வரம்பைத் தொடுவதே இல்லை. கட்டாத வரியில் கழிவு கேட்க முடியாது.

வரி கட்டுபவர்களுக்கு 80டி பிரிவு தரும் சலுகை இது. காப்பீடு பெறுபவர்களில் ஒருவருக்காவது 60 வயது நிறைந்திருந்தால், தனக்கும் துணைக்கும் கட்டும் பிரீமியத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பிரீமியத்தை ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு போய்விடும். வங்கி வழியாகவோ, காசோலையாகவோ, யுபிஐ மூலமாகவோதான் கட்ட வேண்டும். முழு உடல் பரிசோதனைக்கான 5,000 ரூபாய் இந்த 50,000-க்குள்ளேயே அடக்கம். அதை மட்டும் ரொக்கமாகத் தரலாம். காப்பீடே இல்லாத மூத்த குடிமக்கள் மருத்துவச் செலவை, இதே வரம்புக்குள், காட்டலாம். இதை ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கணவருக்குப் பாலிசி இருந்து மனைவிக்கு இல்லையென்றால், மனைவியின் மருந்துச் செலவு கணக்கில் வரும், கணவருடையது வராது.

ஆனால் இவை அனைத்தும் பழைய வரி முறைக்கு மட்டுமே. நீங்களாக எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். அதில் 80டி கிடையாது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. ஓய்வூதியக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு. எனவே மாதம் ஒரு லட்சம் ஓய்வூதியம் வாங்குபவருக்குக்கூட 80டி தேவைப்படாது.

அதற்கு மேல் போனாலும் பாருங்கள். 14 லட்சம் ஓய்வூதியம் பெறும் 65 வயதுக்காரர் பழைய முறையில் 80சி-யில் ஒன்றரை லட்சமும் 80டி-யில் 50,000-மும் முழுதாகக் கழித்தாலும் 1,61,200 ரூபாய் வரி வரும். புதிய முறையில் நிலையான கழிவைத் தவிர வேறெதையும் கழிக்காமலே 81,900 ரூபாய்தான். நிலம் விற்ற நீண்டகால ஆதாயத்தில் எந்த முறையிலும் 80டி-யைக் கழிக்க முடியாது.

வீட்டுக்கடன் வட்டி, வாடகைப்படி என்று பெரிய கழிவுகள் இருந்து, பழைய முறையிலேயே இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ இது நன்றாகப் பயன்படும். 60 வயது கடந்த பெற்றோருக்காகத் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பிரீமியம் கட்டினால், தங்கள் குடும்பக் கழிவு போகக் கூடுதலாக 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 15,600 ரூபாய் மிச்சம். மாமனார், மாமியாருக்குக் கட்டுவது இதில் சேராது.

வரியைக் குறைத்து ரீஃபண்ட் வாங்கித் தருவதாகச் சொல்லி, இல்லாத பாலிசியைக் காட்டும் இடைத்தரகர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2025 ஜூலை 14 அன்று தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் வருமான வரித்துறை நடத்திய சோதனைகளில் 80டி பொய்க் கழிவுகளும் சிக்கின. இப்போது கணக்குத் தாக்கலிலேயே காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் கேட்கிறார்கள். பொய் என்று தெரிந்தால் ஏய்த்த வரியைப் போல் இரு மடங்கு அபராதம் வரலாம். கமிஷன் வாங்கியவர் அதைக் கட்ட மாட்டார். படிவம் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

வரிச் சலுகை இல்லை என்பதற்காகக் காப்பீடே வேண்டாம் என்று யாரும் இருந்துவிடக் கூடாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம். மீனவக் குடும்பத்துப் பெரியவர்கள் முதலில் எடுக்க வேண்டியது இந்த அட்டையைத்தான். 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமான வரம்பு பார்க்காமல் 5 லட்சம் காப்பு தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் வந்தது. அதையும் கேட்டு வாங்குங்கள்.

தனியார் பாலிசி எடுப்பவர்களுக்கும் நல்ல செய்தி உண்டு. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. 65 வயதைத் தாண்டியவருக்குப் புதிய பாலிசி கிடையாது என்று நிறுவனங்கள் சொல்ல வழிவைத்திருந்த விதியும் 2024-ல் போய்விட்டது. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள். முகவர் "அதெல்லாம் போட வேண்டாம்" என்றால் அந்தப் பாலிசியே வேண்டாம். கைக்கு வந்த பாலிசி பிடிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள் திருப்பித் தரலாம்.

க்ளெய்மை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார். பிறகு 155255 என்ற எண்ணில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார்.