அனுப்பியது வேறு, சேர்ந்தது வேறு

நமது கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகள் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறி வருவதை அங்கத்தினர்கள் அனைவரும் அறிவார்கள். நாடெங்கும் இயங்கி வரும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்கென அப்போது வகுக்கப்பட்ட தொகை ரூ.2,516 கோடி. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, கொள்முதல் செய்த நெல்லுக்கான தொகை, நெசவாளர் கூலி ஆகியவை இன்று கணினியின் வழியாகவும் வங்கிக் கணக்கின் வழியாகவும் நடைபெறுகின்றன.

இதனால் விளைந்த சௌகரியங்கள் பல. ஆயினும், சங்க அலுவலகத்தில் காத்து நிற்கும் அங்கத்தினர் அடிக்கடி கேட்க நேரும் பதில்கள் இரண்டு உண்டு. ஒன்று, "நெட் இல்லை" என்பது. மற்றொன்று, "சர்வர் வேலை செய்யவில்லை" என்பது. இவ்விரண்டும் ஒன்றல்ல. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளன்று இப்பதில்களைக் கேட்டு வீடு திரும்பும் அங்கத்தினர், தம் மனு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிந்திருத்தல் அவசியம். அதை அறியாமல் திரும்பினால், ஒரு பருவத்தின் காப்பீடே கைநழுவிப் போகக்கூடும். எனவே, கணினிகள் ஒன்றோடொன்று எவ்வாறு செய்தி பரிமாறிக்கொள்கின்றன என்பதை இங்கே சுருக்கமாக விளக்குவோம்.

எழுத்து எண்ணாவது எப்படி?

நெசவாளர்களுக்கு இவ்விஷயம் புதியதன்று. ஜக்கார்டுப் பெட்டியில் துளையிட்ட அட்டையைப் பூட்டி நெய்வதை அவர்கள் அறிவார்கள். பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டில் செய்துகாட்டிய தறியிலிருந்து வந்த முறை அது. அட்டையில் துளை இருக்குமிடத்தில் பாவிழை மேலெழும்புகிறது; துளை இல்லாத இடத்தில் எழும்புவதில்லை. துளை உண்டு, இல்லை என்னும் இரண்டே குறிகளைக் கொண்டு மாங்காய், அன்னம், யாளி என எந்த உருவையும் நெய்துவிடலாம்.

கணினியும் இரண்டே குறிகளைக் கொண்டு இயங்குகிறது. துளைக்கு ஒன்று எனவும், துளையின்மைக்குச் சுழி எனவும் வைத்துக்கொள்ளலாம். இத்தகைய ஒரு குறிக்கு 'பிட்' என்று பெயர். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு 'பைட்'. 'திருக்கடையூர்' என்னும் ஊர்ப்பெயரில் நம் கணக்குக்கு எழுத்துகள் ஏழு. கணினியோ 'தி' என்பதைத் தகரமாகவும் இகரக் குறியாகவும் பிரித்து வைத்துக்கொள்கிறது; புள்ளியையும் தனியாக எண்ணுகிறது. அவ்வாறு எண்ணினால் இப்பெயரில் 13 குறிகள் உள்ளன. இன்று பெருவழக்கிலுள்ள முறைப்படி ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. ஆகவே ஊர்ப்பெயருக்கு 39 பைட், அதாவது 312 பிட். செப்புக் கம்பியில் இந்த 312 குறிகளும் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வாகச் செல்கின்றன. கண்ணாடி இழையில் ஒளியின் மாற்றங்களாகச் செல்கின்றன. கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே வானொலி அலைகளாகச் செல்கின்றன.

பொதிகளாகப் பிரித்தல்

முற்காலத்தில் வெளியூருக்கு 'டிரங்க் கால்' பேசியவர்கள் அறிவார்கள்: பேச்சு முடியும்வரை அந்த வழி அவர்களுக்கே உரியதாக இருக்கும். இடையிலே மௌனமாக இருந்தாலும் பிறர் அதைப் பயன்படுத்த இயலாது. கணினிகளுக்கு இம்முறை பெரும் வீண்செலவாகும். 1960களில் அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் என்பவரும் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்தார்கள். செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து, பலருடைய பொதிகளையும் ஒரே வழியில் மாறி மாறி அனுப்பலாம் என்பதே அந்த யோசனை.

நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவியலாகவே லாரியில் கொட்டி அனுப்புவதில்லை. 40 கிலோ மூட்டைகளாகப் பிடித்தே அனுப்புகிறார்கள். செய்தியும் அவ்வாறே செல்கிறது. உதாரணமாக, ஓர் அடங்கலின் படம் 3,00,000 பைட் அளவுள்ளது என்று கொள்வோம். பொதுவாக ஒரு பொதியில் 1,500 பைட் மட்டுமே கொள்ளும். அதில் 40 பைட், மேலே கட்டும் சீட்டுக்குப் போய்விடும். எஞ்சிய 1,460 பைட்டில்தான் சரக்கு ஏறும். எனவே அந்த ஒரு படம் 206 பொதிகளாகப் பயணம் செய்கிறது.

அச்சீட்டில் எழுதப்படுபவை முக்கியமானவை. அனுப்புபவரின் முகவரி எண், பெறுபவரின் முகவரி எண், பொதியின் வரிசையைக் காட்டும் எண், உள்ளே இருப்பவற்றைக் கூட்டிப் பார்த்த சரிபார்ப்புத் தொகை ஆகியவை அதில் அடங்கும். பெறும் கணினி தானும் ஒருமுறை கூட்டிப் பார்க்கிறது. தொகை ஒத்துவராவிட்டால், வழியில் பழுதுபட்டது என்று அப்பொதியைத் தள்ளிவிடுகிறது.

வழியும் கடைமடையும்

கல்லணையில் வந்து சேரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, பின்னர் ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் கிளைத்து வயலை அடைகிறது. வலையமைப்பிலும் பிரிவுகள் தோறும் மதகு போன்ற கருவிகள் உண்டு. அவற்றுக்கு 'ரூட்டர்' என்று பெயர். ஆனால் நீருக்கு முகவரி இல்லை, பொதிக்கு உண்டு. ரூட்டர் சீட்டிலுள்ள முகவரியைப் பார்த்து, அடுத்து எந்தப் பிரிவில் விடவேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. முழு வழியும் அதற்குத் தெரியவேண்டுவதில்லை. ஒரு வழி அறுந்தால் வேறு வழியில் விடும். வேறு வழி இல்லையெனில் பொதி அங்கேயே தொலைந்துபோகும்.

இங்கேதான் நம் போன்ற ஊர்களின் இடர்ப்பாடு தோன்றுகிறது. பாசனத்தில் நாம் கடைமடைப் பகுதியினர்; வலையமைப்பிலும் ஏறத்தாழ அந்நிலையே. பெருநகரங்களுக்கிடையே பல வழிகள் உள்ளன. கிராமத்துக்கு வரும் கடைசிக் கிளையோ பெரும்பாலும் ஒன்றே. வாய்க்கால் தூர்வாரும்போதோ சாலை தோண்டும்போதோ அக்கண்ணாடி இழை அறுபட்டால் ஊரே துண்டிக்கப்படும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபோது மின்கம்பங்களும் கைப்பேசிக் கோபுரங்களும் சாய்ந்து, டெல்டாவின் பல ஊர்கள் செய்தித் தொடர்பே இல்லாதிருந்ததை நாம் மறப்பதற்கில்லை.

கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு 2011ஆம் ஆண்டில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. அதுவே பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டன. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டத்தில் ஒரு முக்கிய மாற்றம் உண்டு. கிளையாகச் சென்று முடியும் இழையை வளையமாக இணைக்கவேண்டும் என்பதே அது. வளையத்தில் ஓரிடம் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றிச் செய்தி சேர்ந்துவிடும்.

தாமதம் எங்கே நேர்கிறது?

கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். 300 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க, ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒன்றரைக் கூறு போதும். ஆகவே தாமதத்துக்குத் தொலைவு பெரும்பாலும் காரணமன்று.

முதற்காரணம், வழியின் கொள்ளளவு. நாம் மேலே கண்ட படம் 24 லட்சம் பிட். நொடிக்கு 10 லட்சம் பிட் கடத்தும் வழியில் அது 2.4 நொடியில் சென்றுவிடும். அதே வழியை 20 பேர் சமமாகப் பகிர்ந்துகொண்டால் 48 நொடி ஆகும். இரண்டாவது காரணம், மறுமுனையில் பேரேட்டை வைத்திருக்கும் கணினியின் நெருக்கடி. அக்கணினிக்கே சர்வர் என்று பெயர். இருபது லாரிகள் நல்ல சாலையில் விரைந்து வந்தாலும், எடைமேடை ஒன்றே இருந்தால் வரிசையில் நிற்கத்தானே வேண்டும்? கடைசி நாளில் மாநிலமெங்குமிருந்து மனுக்கள் குவியும்போது நேர்வது இதுவே. 'நெட் இல்லை' என்றால் சாலை அறுந்தது என்று பொருள். 'சர்வர் வேலை செய்யவில்லை' என்றால் சாலை நன்றாயிருந்தும் எடைமேடை இயங்கவில்லை என்று பொருள். முன்னதற்கு வேறோர் ஊரிலிருந்து அனுப்பிப் பார்க்கலாம். பின்னதற்கு எங்கிருந்து அனுப்பினும் பயனில்லை.

சேர்ந்ததா என்பதை அறிவது எப்படி?

பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை இணைத்து அனுப்பிய வழக்கம் நமக்குத் தெரியும். பெறும் கணினியும் பொதிகள் வந்து சேரச் சேர அவ்வாறே ஒப்புகை அனுப்புகிறது. குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் அனுப்பிய கணினி அப்பொதியை மறுபடியும் அனுப்பும். ஒரே பொதி இருமுறை வந்துவிட்டால், வரிசை எண்ணைப் பார்த்துப் பெறும் கணினி ஒன்றைத் தள்ளிவிடும். தொலைந்ததையும் இரட்டித்ததையும் கவனிக்கும் பொறுப்பு வழியிலுள்ள ரூட்டர்களுடையதன்று. இரு முனைகளிலுமுள்ள கணினிகளுடையது. வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையின் அடிப்படை இதுவே.

ஆனால் ஒப்புகை வராவிட்டால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நாம் அனுப்பியதே போய்ச் சேராமல் இருக்கலாம். அல்லது அது சேர்ந்து, காரியமும் முடிந்து, திரும்பி வந்த ஒப்புகை மட்டும் தொலைந்திருக்கலாம். நம் முனையில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். திரை அசையாமல் நிற்கும், அவ்வளவுதான். அங்கத்தினர்கள் மனத்தில் இருத்தவேண்டிய விஷயம் இதுவே.

1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றார்கள். 'எல்', 'ஓ' என்னும் இரண்டு எழுத்துகள் சேர்ந்ததும் மறுமுனைக் கணினி நின்றுபோயிற்று. எத்தனை எழுத்து சேர்ந்தது என்பதை அவர்கள் எவ்வாறு அறிந்தார்கள்? ஒவ்வோர் எழுத்தும் வந்ததா எனத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே அனுப்பினார்கள். அதாவது, வேறொரு வழியால் சரிபார்த்தார்கள். சுமார் ஒரு மணி நேரத்துக்குப் பின் சொல் முழுவதும் சேர்ந்தது.

அங்கத்தினர்கள் செய்யவேண்டியவை

முதலாவது: பணம் செலுத்தும்போது திரை நின்றுவிட்டால் உடனே மறுபடியும் பொத்தானை அழுத்தலாகாது. ஒரே பொதி இருமுறை வந்தால் கணினி கண்டுகொள்ளும். நாமே இருமுறை செலுத்தினால் அவை இரண்டு தனித்தனிக் கட்டளைகள். இரண்டுக்கும் பணம் கழிந்துவிடக்கூடும். முதலில் கணக்கின் இருப்பை வேறொரு வழியால் சரிபார்க்கவேண்டும்.

இரண்டாவது: கணக்கில் பணம் கழிந்தும் உரியவருக்குச் சேராவிட்டால் அச்சப்பட வேண்டுவதில்லை. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவின்படி, யு.பி.ஐ. மூலம் தனிநபருக்கு அனுப்பிச் சேராத தொகை, அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்பவேண்டும். வணிகருக்குச் செலுத்தியதாயின் ஐந்து நாட்களுக்குள் திரும்பவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.100 வீதம் ஈடு பெற உரிமை உண்டு. மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் இவ்வுத்தரவுக்கு உட்பட்டவையே. பரிவர்த்தனை எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு வங்கியில் எழுத்து மூலம் முறையிடலாம்.

மூன்றாவது: பயிர்க் காப்பீட்டு மனுவில் படம் ஏறிவிட்டது என்பதும் மனு ஏற்கப்பட்டது என்பதும் வெவ்வேறு. 206 பொதிகளும் சேர்ந்த பின்னரும், சர்வர் அதைத் தன் பேரேட்டில் பதிந்து விண்ணப்ப எண் தந்தால்தான் காரியம் முடிந்தது. அந்த எண் இல்லாமல் அலுவலகத்தை விட்டுச் செல்லுதல் கூடாது. அடங்கலும் சிட்டாவும் கையில் கிடைத்தவுடன் மனுச் செய்துவிட்டால் கடைசி நாள் நெருக்கடிக்கே இடமில்லை.

நான்காவது: வழியில் எவரும் படிக்காதபடி வங்கிச் செய்திகள் பூட்டப்பட்டே செல்கின்றன. ஆனால் சாவியை நாமே கொடுத்துவிட்டால் எந்தப் பூட்டும் காக்காது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணை எவரிடமும் கூறலாகாது. யு.பி.ஐ. இரகசிய எண் பணம் கொடுப்பதற்கே தேவை, பெறுவதற்குத் தேவையில்லை. ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும்.

சங்க நிர்வாகத்தினருக்கும் ஒரு கடமை உண்டு. ஒரே இணைப்பை நம்பியிராமல், வேறொரு நிறுவனத்தின் இணைப்பையும் மின்தடைக்கு மாற்று ஏற்பாட்டையும் வைத்திருத்தல் நன்று. இணைப்பு இல்லாத நாளில் வரும் அங்கத்தினரின் பெயர், மனுவின் விவரம், வந்த நேரம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டுச் சீட்டு அளித்தல் வேண்டும். இணைப்பு வந்தவுடன் அவ்வரிசைப்படியே மனுக்களை அனுப்பி, கிடைத்த விண்ணப்ப எண்களை அங்கத்தினர்களுக்குத் தெரிவிக்கவேண்டும்.

பணம் கட்டினால் ரசீது பெறுவதும், பாஸ்புத்தகத்தில் வரவு வைத்திருக்கிறதா எனப் பார்ப்பதும் கூட்டுறவு இயக்கத்தில் நாம் தொன்றுதொட்டுப் பழகிய ஒழுங்கு. கம்பியும் ஒளியும் வந்த பிறகும் அந்த ஒழுங்கு அப்படியே தேவைப்படுகிறது. அனுப்பினோம் என்று அமைந்துவிடாமல், சேர்ந்தது என்பதற்கு எண்ணோ சீட்டோ பெற்ற பின்னரே அங்கத்தினர்கள் வீடு திரும்புவார்களாக.