புதன்கிழமை ஆனால் புல்தரைக்கு!



2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில், 'லான் பௌல்ஸ்' என்கிற விளையாட்டில் நம் நாட்டுப் பெண்கள் நாலு பேர் தங்கம் வாங்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்க்கி. இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று ஜெயித்தார்கள். "அக்கா, அது என்ன, பெரிய சைஸ் கோலிகுண்டா?" என்று ஊரிலிருந்து என் தங்கை போனில் கேட்டாள். அந்தக் கோலிகுண்டைத்தான் இப்போது புதன்கிழமை தவறாமல் இருபது, இருபத்தைந்து பேரைக் கூட்டி நான் நடத்திக்கொண்டிருக்கிறேன்!

நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். கணவரின் வேலைக்காக 2016-ல் மெல்போர்ன் வந்தோம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பௌலிங் கிளப். ஆஸ்திரேலியாவில் பேட்டைக்குப் பேட்டை இப்படி ஒன்று இருக்கும். பில்லியர்ட்ஸ் மேஜை மாதிரி ஒட்ட வெட்டிய புல்தரை, சுற்றி ஒரு சின்ன வாய்க்கால். முதலில் 'ஜாக்' என்ற சின்னப் பந்தை உருட்டி விடுவார்கள். அது பாயிலிருந்து 23 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பிறகு ஆளாளுக்குப் பெரிய பந்தை உருட்ட வேண்டும். யாருடைய பந்து ஜாக்குக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அந்தக் கோஷ்டிக்குப் புள்ளி. கேட்கச் சுலபமாக இருக்கிறது இல்லையா? ஆனால் பந்து ஒன்றரை கிலோ வரை கனக்கும். அதோடு, ஒரு பக்கம் லேசாகச் சரிந்த உருவம் அதற்கு. நேராகவே போகாது! வேகம் குறையக் குறைய வளைந்துகொண்டே போகும். ஜாக்கைப் பார்த்து நேராக விட்டால் அடுத்த தெருவுக்குப் போகிற மாதிரி போய்விடும். பந்தில் சின்ன வட்டம் போட்ட பக்கம் எதுவோ அந்தப் பக்கம்தான் வளையும். புதுசாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தருகிற முதல் பாடமே இதுதான்.

2023 குளிர்காலத்தில் (இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்) கிளப் கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. புதன்கிழமை ஆட்டத்துக்கு ஒன்பது பேர்கூட வருவதில்லை, புல் வெட்டுகிற செலவுக்கே கட்டாது, நிறுத்திவிடலாம் என்று. போட்டி ஆட்டங்கள் சனிக்கிழமை நடக்கும், அதற்கு ஆபத்தில்லை. ஆனால் புதன்கிழமை வருகிறவர்கள் போட்டிக்காரர்கள் இல்லை. பாதிப் பேர் தனியாக இருக்கிற வயசானவர்கள். அதில் ஒரு அம்மா, எண்பதைத் தாண்டியவர், என்னிடம் சொன்னார்: "செவ்வாய் ராத்திரி வரைக்கும் எங்கள் வீட்டில் டி.வி.தான் பேசும். புதன்கிழமைதான் நான் பேசுவேன்." எனக்கு அதற்கு மேல் கேட்கத் தாங்கவில்லை. சீசன் முடிகிற வரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கமிட்டியிடம் சொல்லிவிட்டு வந்தேன். "சம்பளம் உண்டா?" என்று கேட்டார் என் கணவர். இல்லை என்றதும் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்!

நடத்துவதில் பெரிய வேலை கணக்குத்தான். கோஷ்டிக்கு மூன்று பேர் என்றால் ஒரு தடத்துக்கு ஆறு பேர். 24 பேர் வந்தால் நாலு தடம், பிரச்னையே இல்லை. 22 பேர் வந்தால் மூன்று தடத்தில் ஆறு ஆறு பேர், மீதி நாலு பேர் இரண்டு இரண்டாக. 23 வந்தால்தான் தலைவலி. அதற்கும் வழி உண்டு: கடைசித் தடத்தில் மூன்று பேருக்கு எதிராக இரண்டு பேர். மூன்று பேர் ஆளுக்கு இரண்டு பந்து, இரண்டு பேர் ஆளுக்கு மூன்று பந்து. இரு பக்கமும் ஆறு பந்துதானே! வந்த யாரையும் 'நீ உட்கார்ந்து பார்' என்று சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால் அந்த ஆள் அடுத்த வாரம் வரமாட்டார்.

அடுத்தது, யாரோடு யார் சேர்வது. பழைய ஆட்கள் விருப்பத்துக்கு விட்டால் அதே நாலு பேர் எப்பவும் ஒன்றாக நிற்பார்கள். புதுசாக வந்தவர் சுவரோரம் நிற்பார். அதனால் சமையலறையிலிருந்து மூன்று எவர்சில்வர் டப்பா கொண்டுபோனேன். நன்றாக ஆடுகிறவர்கள் பெயர் ஒன்றில், சுமாராக ஆடுகிறவர்கள் ஒன்றில், புதியவர்கள் ஒன்றில். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டு. புருஷன், பெண்டாட்டி ஒரே கோஷ்டியில் விழுந்தால் மறுபடி குலுக்குவேன். இதில் மட்டும் நான் கறார். சேர்ந்து ஆடினால் வீட்டுச் சண்டை புல்தரைக்கு வந்துவிடும், அனுபவத்தில் சொல்கிறேன்!

பழைய உறுப்பினர் ஒருவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "கண்டவர்களைக் கூட்டிவந்து புல்லைக் கெடுக்கிறாள்" என்று கமிட்டியில் புகார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பந்தை இடுப்பு உயரத்திலிருந்து தொப்பென்று போட்டால் தரையில் பள்ளம் விழும். அதைச் சரிசெய்ய நாளாகும். அதனால் அவரையே கூப்பிட்டு, புதியவர்களுக்கு முதல் கால் மணி நேரம் நீங்கள் சொல்லிக்கொடுங்கள் ஐயா என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இப்போது அவர் வராத வாரத்தில் "எங்கே அவர்?" என்று புதியவர்களே தேடுகிறார்கள்.

பாதி ஆட்டத்தில் டீ. அழைப்பில் 'தட்டு கொண்டு வாருங்கள்' என்று போடுவார்கள். நம்மவர்கள் வெறும் தட்டோடு போய் நிற்பார்கள். தட்டில் பலகாரத்தோடு வரவேண்டும் என்று அர்த்தம்! நான் கொண்டுபோகும் மசால் வடைக்கு ஏக கிராக்கி. கிளப்பில் குலுக்கல் பரிசாக இறைச்சித் தட்டு வைப்பது இங்கே வழக்கம். நான் பழக்கூடை ஒன்றும் சேர்த்து வைத்தேன். இரண்டுக்கும் சீட்டு விற்கிறது.

என் மாமியார் ஊரிலிருந்து ஆறு மாசம் எங்களோடு இருக்க வந்தபோது, முதல் மாசம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அத்தை, சும்மா வந்து பாருங்க" என்று கூட்டிப்போனேன். "இந்த வயசுல எனக்கு எதுக்குடி விளையாட்டு, முழங்கால் மடங்காது" என்றார். குனியாமலே பந்தை விட நீளமான பிடி ஒன்று இருக்கிறது, நுனியில் பந்தைக் கவ்விக்கொள்ளும். அதைக் கொடுத்தோம். சேலைக் கொசுவத்தைச் சொருகிக்கொண்டு விட்டார் பாருங்கள், ஜாக்கை ஒட்டி நின்றது! இங்கிலீஷ் தெரியாது. இருந்தும் அந்த எண்பது வயது அம்மாவும் அவரும் கையைக் காட்டியே ஒரு மணி நேரம் பேசுவார்கள். என்ன பேசினீங்க என்றால், "அவளுக்கும் மூட்டுவலிதான்" என்பார். ஊருக்குத் திரும்பிய பிறகும் புதன்கிழமை போன் செய்து, யார் ஜெயித்தது என்று கேட்கிறார்.

அந்த சீசன் முடிவில் கமிட்டி புதன்கிழமையை நிறுத்தவில்லை. சாவிக்கொத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பிள்ளைகளிடம் வரும் அம்மா, அப்பாக்கள் பெட்டி கட்டும்போது அடிப்பாகம் தட்டையான ஷூ ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். குதிகால் வைத்த செருப்போடு புல்தரையில் ஏற விடமாட்டார்கள். நானும் விடமாட்டேன்!

- ஒரு வாசகி, மெல்போர்ன்