வழவழப்பான டயரும் கியர் அமைப்பும்
நேர்கோட்டு மோட்டார் பந்தயத்தில் உராய்வின் பங்கு

கொச்சிக்கு அண்மையிலுள்ள திருப்பூணித்துறை போன்ற ஊர்களில் ஜூன் மாதத்து மழை தொடங்கியதும், வண்டியோட்டுவோர் முதலில் கவனிக்க வேண்டியது டயரின் வரிப்பள்ளங்களையே ஆகும். பள்ளங்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்ட டயர் நனைந்த சாலையில் வழுக்கும் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும், மோட்டார் பந்தயங்களுள் ஒரு வகையில், பள்ளமே இல்லாத வழவழப்பான டயர்தான் மிகுந்த பிடிப்பைத் தருகிறது. அப்பந்தயத்திலும் எல்லா வண்டிகளுக்கும் ஒரே டயர் பொருந்துவதில்லை. கையால் கியர் மாற்றும் வண்டிக்கு ஒரு வகையும், தானியங்கிக் கியர் வண்டிக்கு வேறொரு வகையும் ஏற்றதாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வேற்றுமையின் காரணம் பள்ளியில் கற்பிக்கப்படும் உராய்வு விதிகளுடன் நெருங்கிய தொடர்புடையது. அதனை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பந்தயத்தின் இயல்பு

டிராக் பந்தயம் எனப்படும் நேர்கோட்டு ஓட்டத்தில், நின்ற நிலையிலிருந்து புறப்படும் வண்டி வளைவு ஏதுமில்லாத பாதையில் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர் தூரத்தைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரமே கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவில் மிக உயர்ந்த வகுப்பு வண்டிகளுக்கு இத்தூரம் 2008-ஆம் ஆண்டில் 1,000 அடியாக, அதாவது சுமார் 305 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இவ்வகை ஓட்டம் புதிதன்று. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயங்களை நடத்தியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த பந்தயப் பாதையில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய நேர்கோட்டுப் பந்தயங்கள் நடைபெற்றுள்ளன. கார்களுக்கென மகாராஷ்டிரத்தின் ஆம்பி வேலி விமான ஓடுதளத்தில் ‘வேலி ரன்’ எனும் போட்டி நடத்தப்பட்டுள்ளது.

உராய்வு ஏன் போதவில்லை?

1,500 கிலோகிராம் நிறையுள்ள ஒரு வண்டி 402 மீட்டரை 12 விநாடியில் கடப்பதாகக் கொள்வோம். அதன் சராசரி முடுக்கம் விநாடிக்கு விநாடி சுமார் 5.6 மீட்டர் ஆகும். இதற்கு வேண்டிய சராசரி விசை ஏறத்தாழ 8,400 நியூட்டன். புறப்படும் கணத்தில் வேண்டுவது இதனினும் அதிகம்.

இவ்விசை முழுவதும் இயக்கப்படும் இரு பின்சக்கரங்களின் வழியாகவே தரைக்குச் செல்ல வேண்டும். வண்டியின் எடையில் பாதி பின்சக்கரங்களின் மேல் இருப்பின், அது சுமார் 7,350 நியூட்டன். முடுக்கத்தின்போது எடை பின்னோக்கிச் சாய்வதால் அது 9,000 நியூட்டன் வரை உயரலாம். சாதாரண டயரின் உராய்வுக் குணகத்தை 0.9 எனக் கொண்டால், கிடைக்கும் பிடி 8,100 நியூட்டனே. ஆகவே எஞ்சினுக்கு எத்துணை ஆற்றல் இருப்பினும் சக்கரம் வீணே சுழலும். குணகம் 1-ஐ விஞ்சும் டயர் தேவையாவது இதனாலேயே.

உராய்வு தொடுபரப்பைப் பொறுத்ததன்று என்று பாடநூல்கள் கூறும் விதி மரம், உலோகம் போன்ற திண்பொருள்களுக்கு ஓரளவு பொருந்தும், ரப்பருக்குப் பொருந்தாது. மென்மையான ரப்பர் தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் புகுந்து ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் விழும் அழுத்தம் குறையக் குறைய உராய்வுக் குணகம் உயர்கிறது. எனவே எடையைப் பெரும் பரப்பில் பரப்பும் அகன்ற டயரே நலம் பயக்கும். வரிப்பள்ளம் வெட்டினால் அப்பரப்பில் ஒரு பகுதி குறையும். உலர்ந்த பாதையில் பள்ளத்திற்கு வேலையும் இல்லை. ஓட்டத்திற்கு முன் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகை எழச் செய்வதும், ரப்பரைச் சூடாக்கி அதன் ஒட்டும் தன்மையை வளர்ப்பதற்கே ஆகும்.

இரு வகைக் கியர் அமைப்பு

கையால் கியர் மாற்றும் வண்டியில், எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் இணைப்பது கிளட்ச். பந்தயக்காரர் எஞ்சினை நிமிடத்திற்குப் பல ஆயிரம் சுற்றுகள் சுழலவிட்டுக் கிளட்சைத் திடீரென விடுவிக்கிறார். கனத்த பறக்கும் சக்கரத்தில் சேமிக்கப்பட்ட சுழற்சி ஆற்றல் ஒரு நொடியின் சிறு பகுதியில் அச்சை வந்து தாக்குகிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் இத்தாக்குதல் சிறிய அளவில் மீண்டும் நிகழ்கிறது.

தானியங்கி வண்டிகள் பலவற்றில் கிளட்சின் இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் எனும் திரவ இணைப்பு உள்ளது. இதன் மூலக்கருத்து ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் பெற்ற காப்புரிமையிலிருந்து வந்தது. எஞ்சினால் சுழற்றப்படும் விசிறி எண்ணெயைத் தள்ள, அவ்வெண்ணெய் மற்றொரு விசிறியைச் சுழற்றுகிறது. இரண்டிற்குமிடையே திண்மையான இணைப்பு இன்மையால், விசை அதிர்ச்சியின்றிப் படிப்படியாக உயர்கிறது. புறப்படும்போது முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகுவதும் உண்டு.

இரு வகை டயர்

டயரின் உடல் நூலிழைகளால் ஆனது. பழைய குறுக்கிழை வகையில் இவ்விழைகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்டுள்ளன. மிஷெலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் வகையில், இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புவரை நேராகச் செல்கின்றன. தரையைத் தொடும் பகுதியைச் சுற்றி உறுதியான பட்டை ஒன்று அமைகிறது.

பந்தயத்திற்கான குறுக்கிழை டயரில் காற்றழுத்தம் மிகக் குறைவு. சாதாரணக் காரின் டயரில் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டுக்கு மேல் இருக்க, இதில் பெரும்பாலும் 10 முதல் 15 பவுண்டு வரையே இருக்கும். அச்சு திடீரெனத் திரும்பும்போது டயரின் பக்கச் சுவர் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, முறுக்கிய சுருள்வில்லைப் போல் அதிர்ச்சியை ஏற்றுக்கொண்டு, பின்னர் மெல்ல விடுவிக்கிறது. ரேடியல் டயர் இவ்வாறு முறுங்குவது குறைவு. விசையை உடனுக்குடன் தரைக்குச் செலுத்திவிடும். உருளும்போது அதன் தடை குறைவு. பாதையின் இறுதியில் வேகமும் மிகுதி. ஆனால் ஒருமுறை பிடி விட்டுச் சுழலத் தொடங்கினால் மீண்டும் பிடிப்பது அரிது. குறுக்கிழை டயரோ சற்று வழுக்கினும் மீளவல்லது.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து விடை தானே பெறப்படுகிறது. எஞ்சினுக்கும் தரைக்கும் இடையே எங்கேனும் ஒரு மெத்தை வேண்டும். தானியங்கி வண்டியில் அம்மெத்தை எண்ணெயில் உள்ளது. ஆதலின் ரேடியல் டயர் அதற்கு இசையும். கிளட்ச் உள்ள வண்டியில் மெத்தையாக அமையவேண்டியது டயரே. ஆதலின் குறுக்கிழை டயர் பொருந்தும். இவ்விதியை மீறிக் கிளட்ச் வண்டியில் ரேடியலைப் பூட்டினால், டயர் பிடி விட்டு வழுக்கலாம். வழுக்காது பிடித்துக்கொண்டாலோ, அதிர்ச்சி முழுவதும் கியர்ப் பற்களையும் அச்சையும் தாக்கி அவற்றை முறித்துவிடலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. அண்மைக்காலத் தானியங்கி வண்டிகளுள் சில, திரவ இணைப்பு இன்றி இரண்டு கிளட்சுகளைக் கணிப்பொறியின் ஆணையால் இயக்குகின்றன. இவற்றில் மெத்தையாக அமைவது எண்ணெய் அன்று. கிளட்ச் எத்துணை மென்மையாக இணைக்கப்படுகிறது என்பதே. எனவே ‘தானியங்கி’ என்னும் பெயரை மட்டும் கருதாது, விசை வரும் வழியை நோக்குதல் வேண்டும்.

டயரின் உயரமும் கருதத்தக்கது. உயரமான டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் செல்லும். ஆனால் புறப்படும் விசையைக் குறைக்கும். இறுதிக் கோட்டை எட்டும்போது எஞ்சின் தன் உச்ச ஆற்றலுக்குரிய வேகத்தை அடையும்படி உயரத்தைத் தேர்வது வழக்கம். முன்சக்கரங்களில் ரேடியலும் பின்சக்கரங்களில் குறுக்கிழையும் கலந்திடின், மிகு வேகத்தில் வண்டி அலைவுறக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இக்கருத்தைச் செலவின்றி விளக்கலாம். ஒரு செங்கல்லை மேசைமேல் வைத்து, மெல்லிய தையல் நூலால் கட்டுக. நூலைப் படிப்படியாக இழுத்தால் செங்கல் நகரும். வெடுக்கென இழுத்தால் நூல் அறும். பின்னர் நூலுக்கும் செங்கல்லுக்கும் இடையே ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, முன்போலவே வெடுக்கென இழுத்து நிறுத்துக. வளையம் நீண்டு அதிர்ச்சியை ஏற்பதால் நூல் அறாது நிற்கும், செங்கல் நகரும். படிப்படியான இழுப்பு தானியங்கியையும், வெடுக்கென்ற இழுப்பு கிளட்சையும், ரப்பர் வளையம் குறுக்கிழை டயரின் பக்கச் சுவரையும் குறிக்கும். அறும் நூல், டயரின் பிடி அல்லது வண்டியின் அச்சு எனக் கொள்க.

சாலைக்குத் தகாதது

பந்தய டயரின் சிறப்பு பந்தயப் பாதையோடு முடிவடைகிறது. நனைந்த சாலையில் நீர் வெளியேற வழியின்மையால், வழவழப்பான டயர் நீர்ப்படலத்தின்மேல் மிதக்கத் தொடங்கும். அந்நிலையில் பிரேக்கும் திசைதிருப்பும் சக்கரமும் பயன்படா. இக்காரணம் பற்றியே மத்திய மோட்டார் வாகன விதிகள், கார்களின் டயரில் வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என வகுத்துள்ளன. பொதுச் சாலையில் அரசின் எழுத்து மூலமான அனுமதியின்றிப் பந்தயம் நடத்துவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

வேகத்தில் ஆர்வமுள்ள மாணவர் எவ்வூரிலும் உளர். அவர்களது ஆர்வத்தைக் கண்டித்து அடக்குவதைக் காட்டிலும், அதன் பின்னுள்ள விஞ்ஞானத்தை அவர்களுக்குக் காட்டுவது சாலச் சிறந்தது. உலர்ந்த பாதையில் பிடித்து நிறுத்தும் அதே வழவழப்பு, மழை பெய்த சாலையில் உயிரைப் பறிக்கும் என்பதைத் தம் அறிவால் உணர்ந்த இளைஞர், எங்கே வேகம் தகும், எங்கே தகாது என்பதையும் தாமே தெளிவர்.