இலவசமாக அல்சேசன் தரட்டோ என்று யாரும் கேட்டால்...

ஊரில் நாங்கள் அல்சேசன் என்று சொல்லுற நாய்க்குச் சரியான பெயர் ஜேர்மன் ஷெப்பர்ட். முதலாம் உலகப்போர் காலத்தில் ஜேர்மன் என்ற சொல்லே பிரிட்டனில் ஆகாமல் போனபடியால் அல்சேசன் என்று மாத்தினவை. 1977இல்தான் கெனல் கிளப் பழைய பெயருக்குத் திரும்பியது. ஆண் நாய் 30 முதல் 40 கிலோ வரும்.

"எங்களால இனி வைச்சிருக்க ஏலாது, நீங்கள் கொண்டுபோங்கோ" என்று தெரிந்தவர்கள் தர வந்தால் பிள்ளைகள் ஆசைப்படுவினம். ஓம் என்று சொல்ல முன்னம் ஒன்றை யோசியுங்கோ. எங்களுக்கு என்.எச்.எஸ். இருக்குது, நாய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. வெற் என்று சொல்லுற மிருக வைத்தியரிடம் போற ஒவ்வொரு முறையும் காசு. இந்தச் சாதி நாய்க்கு வருத்தங்களும் கொஞ்சம் கூட.

ஆகப் பயங்கரமானது வயிறு முறுகுவது. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் ஊதி, அப்படியே திரும்பிப்போகும். இரத்த ஓட்டம் தடைப்பட்டு சில மணித்தியாலங்களில் உயிர் போகலாம். நாய் சத்தி எடுக்கத் தெண்டிக்கும், ஒன்றும் வராது, நுரை மட்டும் வரும். வயிறு மேளம் மாதிரி இறுகும். ஓரிடத்தில் படுக்காமல் அந்தரப்படும். விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இரவென்றாலும் வெற்றுக்குப் போன் எடுத்து, "மை டோக் இஸ் ட்றையிங் ரு வொமிற், நத்திங் கம்ஸ் அவுற்" என்று சொன்னால் போதும், அவைக்கு விளங்கும். ஒப்பரேசன்தான் வழி, செலவு ஆயிரக்கணக்கான பவுண்ஸ் ஆகலாம். சாப்பாட்டை ஒரே தடவையில் குவிச்சு வைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரிச்சுக் குடுங்கோ. சாப்பிட்ட கையோட ஓடவிட வேண்டாம்.

அடுத்தது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் உருண்டை குழிக்குள் சரியாகப் பொருந்தாமல் தேய்ந்துபோகும். இது பரம்பரையாக வருவது. எழும்பக் கஷ்டப்படும், முயல் மாதிரிப் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் துள்ளும், படி ஏறாது. லிப்ற் இல்லாத மூன்றாம் மாடியில் 35 கிலோ நாயைத் தூக்க வேண்டிவரும்! குட்டி என்றால் தாய் தகப்பனின் இடுப்புப் புள்ளியைக் கேளுங்கோ. 0 முதல் 106 வரை போடுவார்கள்; குறைய இருந்தால் நல்லது. கொழுக்க விட்டால் மூட்டுக்கு இன்னும் கேடு.

எட்டு வயதுக்கு மேல் நோவே இல்லாமல் பின்னங்கால் இழுபடத் தொடங்கினால், அது முள்ளந்தண்டு நரம்பு வருத்தமாகவும் இருக்கலாம். அதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை. நல்லாச் சாப்பிட்டும் மெலிஞ்சுகொண்டு போய், மலம் இளகிப் போனால் கணையத்தைப் பார்க்க வேணும். சாப்பாட்டில் கலக்கும் நொதித் தூள் இருக்குது, ஆனால் ஆயுள் முழுக்க வாங்க வேணும்.

எங்கட வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்லத்தான் வேணும். மிஞ்சின கறி சோத்தை நாய்க்கு வைக்காதேங்கோ. வெங்காயமும் உள்ளியும் அதன் இரத்தத்தைக் கெடுக்கும். முந்திரிகை வத்தல், சொக்கலேற் நஞ்சு. அவிச்ச கோழி எலும்பு சிம்பாகிக் குடலைக் குத்தும். கால் நோவுதென்று பனடோல், ஐபுப்ரொஃபின் குடுக்கவே கூடாது.

அகதி விண்ணப்பக்காரருக்குத் தரும் வீடுகளில் பொதுவாக நாய் வளர்க்க விடமாட்டார்கள். வீட்டுக்குப் பொறுப்பானவரை முதலில் கேளுங்கோ. இன்சூரன்ஸ் எடுத்தாலும் ஏற்கனவே உள்ள வருத்தத்துக்குப் பொதுவாகக் காசு தராது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டு மிருக நலச் சட்டப்படி, வருத்தக்கார நாயை வைத்தியம் பார்க்காமல் வேதனைப்பட விட்டால் வழக்கு வரலாம். உங்கட கேஸ் முடியாத நேரத்தில் அப்படி ஒரு தலையிடி தேவையில்லை.

நாய் ஆசை விடாதவர்கள் மிருகத் தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் தொண்டராக நாய்களை நடத்திக்கொண்டு போகலாம். அதில் ஆங்கிலமும் பழகும். ஆனால் அயலவரின் நாயைக் காசுக்கு நடத்தினால், வேலை அனுமதி இல்லாதவருக்கு அது சட்டவிரோத வேலை. நாய் உள்ள வீட்டில் தங்கியிருக்கிறீங்கள் என்றால், அவையின்ர வெற் நம்பரை இப்பவே கேட்டுப் போனில் போட்டு வையுங்கோ.