பூட்டிக் கிடக்கும் புரூஃப் ரீடர் அறை

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஜே.சி. வைரஸ்தான் காரணமாமே, அதுவும் கறுப்பினத்தவருக்கு அதிகமாமே என்று வாட்ஸ்அப் செய்தி ஒன்றை அனுப்பிக் கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். இரண்டுக்கும் என் பதில், அவசரப்பட வேண்டாம். ஆனால் அந்தச் செய்தியில் ஒற்றை வரியாக வந்துபோகும் மெத்திலேற்றத்தைப் பற்றி எழுதக் கை அரிக்கிறது.

ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். மெத்தில் என்பது இவ்வளவுதான். டி.என்.ஏ.வில் 'சி'யை அடுத்து 'ஜி' வரும் இடங்களில் இது 'சி'யின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு மரபணுவின் தொடக்கத்தில் நெருக்கமாக ஒட்டிவிட்டால் அந்த மரபணு வாயடைத்துப் போகும். எழுத்து ஒன்றுகூட மாறியிருக்காது. பெருங்குடல் புற்றில் இப்படி வாயடைத்துப் போகிற ஒன்று எம்.எல்.எச்.1. செல் பிரியும்போது டி.என்.ஏ. நகலில் விழும் பிழைகளைத் திருத்துவது அதன் வேலை.

ஒரு வார இதழ் அலுவலகத்தில் புரூஃப் ரீடரின் அறையை யாரோ வெளியே பூட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். ஆள் உள்ளேதான் இருக்கிறார், சிவப்புப் பேனாவும் மூக்குக் கண்ணாடியுமாக. பக்கங்கள்தான் அவரிடம் போவதில்லை. செல் பிரிவதுபோலக் கிளை அலுவலகம் திறந்தால் அங்கும் அதே அறைக்குப் பூட்டு. பழைய இடத்தில் எது பூட்டியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் புதிய இடத்திலும் பூட்டுவதற்கென்றே ஓர் ஊழியர் இருக்கிறார். அவர் பெயர் டி.என்.எம்.டி.1. திருத்த ஆளில்லாத இந்த அலுவலகத்தில், டி.என்.ஏ.வை நகலெடுக்கும் அச்சுக் கோப்பவர் எங்கே தடுமாறுவார்? ஒரே எழுத்து வரிசையாக வருகிற இடத்தில். டி.ஜி.எஃப்.பி.ஆர்.2 என்ற மரபணுவில் 'ஏ' தொடர்ந்து பத்து முறை வருகிறது. அது ஒன்பதாகிவிட்டால், மூன்று மூன்றாகப் படிக்கும் வரிசை அங்கிருந்து முழுக்கக் குலைகிறது. 'பெருகியது போதும்' என்று வெளியிலிருந்து வரும் தகவலை வாங்கும் ஏற்பிக்கான மரபணு அது. தகவல் எட்டாத செல் பெருகிக்கொண்டே போகிறது. புரூஃப் ரீடருக்குச் சம்பளம் உண்டா என்று கேட்காதீர்கள், உவமை கிழிந்துவிடும்.

பெருங்குடல் புற்றுகளில் சுமார் 15 சதவீதத்தில் இந்தத் திருத்தும் வேலை பழுதாகியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எம்.எல்.எச்.1 மேல் விழுந்த மெத்தில்தான் காரணம்.

ஜே.சி. வைரஸின் வரலாறு சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். 1971-ல் அபூர்வ மூளைநோய் வந்த ஒருவரின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த வைரஸ் இது, ஜே.சி. என்பது அந்த நோயாளியின் பெயரின் முதலெழுத்துகள். 1999-ல் அமெரிக்காவில் போலண்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதன் டி.என்.ஏ.வைப் பெருங்குடலில் கண்டார்கள். வைரஸின் டி-ஆன்டிஜன் என்ற புரதம் தென்படும் கட்டிகளில் மெத்திலேற்றமும் மிகுதி என்ற ஆய்வு 2006-ல் வந்தது.

வைரஸ் மெத்திலேற்றத்தைத் தூண்டுவது நடக்கக்கூடியதுதான். இதன் உறவுக்கார வைரஸான எஸ்.வி.40-இன் டி-ஆன்டிஜன் செல்லின் ஆர்.பி. புரதத்தை முடக்க, டி.என்.எம்.டி.1 உற்பத்தி எகிறுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நடக்கக்கூடியது வேறு, நடந்தது வேறு. ஜே.சி. வைரஸ் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே தொற்றியது. ஆரோக்கியமான குடலிலும் அது கிடைக்கிறது. திருட்டு நடந்த தெருவில் குடியிருப்பவரையெல்லாம் திருடன் என்பதா? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் 'ஒருவேளை காரணமாகலாம்' என்ற பட்டியலில்தான் இதை வைத்திருக்கிறது. வைரஸும் மெத்திலும் சேர்ந்தே வரும் இடமும் உண்டு: இரைப்பைப் புற்றில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கும் கட்டிகள் மெத்திலில் குளித்திருக்கும், அது உறுதி. வேடிக்கை என்னவென்றால் அங்கே எம்.எல்.எச்.1 தப்பிவிடுகிறது.

இனத்துக்கு வருவோம். அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் பெருங்குடல் புற்று அதிகம்; ஆப்பிரிக்கக் கிராமங்களில் மிகக் குறைவு. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த 20 கறுப்பினத்தவரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தினர் 20 பேரும் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். நார்ச்சத்து மிகுந்த சாப்பாட்டுக்கு வந்த அமெரிக்கர்களின் குடலில் அழற்சி தணிந்தது. கொழுப்புக்கு மாறிய ஆப்பிரிக்கர்களுக்கு ஏறியது. இரண்டே வாரத்தில் யாருடைய இனமும் மாறவில்லை. சோற்றுத் தட்டையும் பரிசோதனை வசதியையும் கணக்கில் எடுக்காமல் தோல் நிறத்தை மட்டும் வைத்து மெத்திலை எண்ணும் ஆய்வுகளை நான் நம்புவதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது பயாப்ஸி அறிக்கையில் எம்.எல்.எச்.1 காணவில்லை என்று வந்தால், மெத்திலேற்றப் பரிசோதனை செய்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மெத்திலேற்றம் இருந்தால் அது பெரும்பாலும் பரம்பரை நோயல்ல. பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்ற கவலை அங்கேயே பாதி தீரும்.